நான்கு வயதுக் குழந்தையின் கைக்கு அடங்கும் மழைக்காலக் குடை

கேள்வி இதுதான்: மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். மழைக்காலத்தை ஒட்டிக் குடை செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறது பள்ளி. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் எல்லாவற்றையும் கடைசியில் அம்மாதான் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. கொட்டுகிற மழையில் கடைக்குப் போகவும் வழியில்லை. வீட்டில் இருப்பதை வைத்து, குழந்தையே செய்யக்கூடிய குடை ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் ஒன்றுக்கு மேல். மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்கு அம்மா வெட்டி ஒட்டிய குடையை எந்த ஆசிரியையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். விளிம்பு அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். குழந்தையிடம் 'இதை எப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் பதில் இருக்காது. கோணல்மாணலான குடையைக் கொண்டுவரும் குழந்தையோ கேட்காமலேயே கதை சொல்லும். ஆகவே கோணலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எந்த வேலை குழந்தையுடையது, எந்த வேலை உங்களுடையது என்று பிரித்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாளை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் நிஜக் குடையை விரித்துத் தரையில் வையுங்கள். கம்பிகளை அவளே எண்ணட்டும். பெரும்பாலான குடைகளில் எட்டு இருக்கும். பிறகு குடைக்குள் புகுந்து உட்கார்ந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கம்பிகளும் நடுவில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன, தண்டில் ஒரு வளையம் ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். படப் புத்தகங்களில் குடை என்றால் ஓர் அரைவட்டமும் அதற்குக் கீழே ஒரு கொக்கியும்தான். அதை மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தைக்குக் குடை வட்டமானது என்பதே தோன்றுவதில்லை. ஓர் எச்சரிக்கை: குடையை விரிப்பதும் மடக்குவதும் உங்கள் வேலை. கம்பி நுனி சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில் வரும். பட்டன் குடையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது குடைக்கு வருவோம். என் முதல் தேர்வு எப்போதும் வட்டத்தாள் குடைதான். ஒரு வெள்ளைத் தாளின் மேல் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். ஏறக்குறைய 20 செ.மீ. அகலமுள்ள சிற்றுண்டித் தட்டு போதும். தட்டை நீங்கள் பிடித்துக்கொண்டால் கோடு போடுவதை அவள் செய்வாள். வட்டத்தை வெட்டுவது உங்கள் வேலை. நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு நேர்கோட்டில் வெட்டுவது கைவந்திருக்கும். வளைவில் வெட்டுவதற்கு இன்னும் ஓர் ஆண்டாவது ஆகும். முழு வட்டத்தை வெட்டச் சொன்னால் பாதியில் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அழுவாள். இடது கைப் பழக்கமுள்ள குழந்தையாக இருந்தால் சாதாரணக் கத்தரிக்கோல் தாளை வெட்டாமல் மடக்கும். குழந்தைக்குக் கை வரவில்லை என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை கத்தரிக்கோலில் இருக்கிறது.

வெட்டிய வட்டத்தை இரண்டாக மடியுங்கள். மறுபடி இரண்டாக. மறுபடியும் இரண்டாக. மூன்று மடிப்புக்குப் பிறகு விரித்தால் எட்டுப் பட்டைகள் தெரியும், சற்று முன் எண்ணிய எட்டுக் கம்பிகளைப் போலவே. இந்த இடத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். மடிப்பின் மேல் விரலால் அழுத்தித் தேய்ப்பதை அவளே செய்யட்டும். திருமண அழைப்பிதழ் அட்டை இதற்குச் சரிப்படாது, மூன்றாம் மடிப்பில் முரண்டு பிடிக்கும். நாள்காட்டித் தாள், நோட்டுத் தாள், அச்சடிக்கும் தாள் எல்லாம் நன்றாக மடியும்.

ஒரு பட்டை நீலம், அடுத்தது மஞ்சள் என்று மாற்றி மாற்றி வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். எட்டு இரட்டைப்படை என்பதால் வட்டம் முழுக்கச் சரியாக வரும். அடுத்து, ஒரு மடிப்புக் கோட்டின் வழியே விளிம்பிலிருந்து நடு வரை நேராக ஒரு வெட்டு. இது நேர்கோடு, ஆகவே குழந்தையின் வேலை. வெட்டிய ஓரத்தை மற்ற ஓரத்தின் மேல் ஏற்றி ஒட்டினால் தட்டையான தாள் கூம்பாக எழும்பும். இங்கேதான் பலர் ஒரு பட்டையை மட்டும் ஏற்றி ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளியே தெரிவது ஏழு பட்டை. ஒட்டிய இடத்தில் இரண்டு நீலமோ இரண்டு மஞ்சளோ பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். குழந்தைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவ்வளவு எளிதில் மன்னிக்கவும் மாட்டார்கள். இரண்டு பட்டைகளை ஏற்றி ஒட்டுங்கள். ஆறு பட்டை தெரியும், வண்ணம் மாறி மாறியே வரும். உருவமும் அதில்தான் நன்றாக இருக்கிறது. 20 செ.மீ. வட்டத்தில் ஒரு பட்டையை ஏற்றினால் கூம்பு ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் வரும்; இரண்டை ஏற்றினால் ஆறரை செ.மீ. மூன்று என்றால் குடை போய்த் தொப்பியாகிவிடும்.

விளிம்பில் பிறை பிறையாக வெட்டி அழகு சேர்க்கலாமே என்றால், வேண்டாம். எட்டு வளைவு வெட்டுவது யாருடைய வேலை என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பதிலாக விளிம்பில் ஒரு விரல் அகல ஆழத்துக்குச் சின்னச் சின்ன நேர் வெட்டுகளை அவளே போட்டால் ஜாலர் வைத்த குடையாகிவிடும், கோவில் குடையைப் போல.

கைப்பிடிக்கு எல்லாரும் வளையும் ஸ்ட்ராவைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை. அலங்காரத் தெர்மாகோலும் பிளாஸ்டிக் குச்சி வைத்த காது பட்ஸும்கூட அந்த 2022 பட்டியலில் உண்டு. ஆகவே 'தெர்மாகோல் குடை செய்து வாருங்கள்' என்று எந்தப் பள்ளியாவது எழுதி அனுப்பினால், பணிவாக இதை நினைவுபடுத்தலாம்.

செய்தித்தாளே போதும். கால் பக்க அளவுள்ள துண்டை ஒரு மூலையிலிருந்து பென்சிலைச் சுற்றிக் குறுக்காகச் சுருட்டி, கடைசி மூலையைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் பென்சிலை உருவுங்கள். இறுக்கமாகச் சுருட்டுவது குழந்தைக்கு வராது, இரண்டு பேரும் சேர்ந்து சுருட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒரு முனையை வளைத்து நூலால் கட்டிவைத்தால், காய்ந்த பிறகு கொக்கி நிற்கும். தென்னை ஈர்க்கு வேண்டாம். நுனி கூராக இருக்கும், இந்த வயதில் கையில் குச்சி கிடைத்தால் அது முதலில் வாளாகத்தான் மாறும்.

தண்டைக் கூம்போடு சேர்க்கும் இடத்தில்தான் பெரும்பாலான காகிதக் குடைகள் பிய்கின்றன. உச்சியில் துளை போட்டுத் தண்டைச் செருகினால் சிறிது நேரத்தில் துளை பெரிதாகிக் குடை கழுத்துக்கு இறங்கிவிடும். துளையே வேண்டாம். காகிதத் தண்டின் மேல் முனையில் 2 செ.மீ. ஆழத்துக்கு நான்கு வெட்டு போட்டு, நான்கு இதழ்களாக வெளிப்பக்கம் விரியுங்கள். இதழ்களில் பசை தடவிக் கூம்பின் உட்பக்க உச்சியில் அழுத்திப் பிடியுங்கள். ஐம்பது வரை எண்ணுவது குழந்தையின் வேலை. இருபத்தொன்பதுக்குப் பிறகு நாற்பது வந்தாலும் பசைக்கு ஒன்றும் ஆகாது.

பசையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் உறை ஒட்டியது சோற்றுப் பருக்கையால்தான். நன்றாகக் குழைந்த சோற்றில் ஒரு கரண்டி எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, குழந்தையையே விரலால் மசிக்கச் சொல்லுங்கள். அந்த மசிப்பே ஒரு விளையாட்டு, வாயில் போனாலும் பயமில்லை. கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் மைதா பசை: இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெண்மை மங்கிக் கண்ணாடி போல ஆகும்போது பதம். ஆறிய பிறகு கொடுங்கள். ஒன்று முக்கியம்: புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். யாராவது பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் குழந்தையின் பசையில் அதைச் சேர்க்காதீர்கள்.

மழைக்காலத்துக்கே உரிய தொல்லை, எதுவும் காயாது என்பது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் பசை மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், தாள் ஊறிச் சுருளும், சாயம் பரவும். பசையைக் கெட்டியாக வைத்து, விரல் நுனியளவு மட்டும் தடவ வேண்டும். ஒட்டிய இடத்தைத் துணி கிளிப்பால் கவ்விப் பிடித்து மின்விசிறிக்கடியில் விட்டுவிட்டால் பொழுது விடிவதற்குள் இறுகிவிடும். வாட்டர் கலரைவிட மெழுகு கிரயான் மேல், அதற்குக் காய்கிற வேலையே இல்லை. இன்னொன்று, சோற்றுப் பசையும் மைதா பசையும் எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து. செய்த குடையை அலமாரியில் வைக்காமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கிரயானைச் சொன்னதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. குடை செய்து முடித்ததும் குழந்தை கேட்கும் முதல் கேள்வி, 'இதை மழையில் பிடிக்கலாமா?' என்பதுதான். கூடாது என்று சொல்லி வாயை அடைக்காமல் சோதித்துப் பார்க்கலாம். அதே தாளில் இன்னொரு சின்ன வட்டம் வெட்டி, ஒரு பாதியில் மட்டும் கிரயானை அழுத்தி அழுத்தி, வெள்ளை தெரியாமல் பூசச் சொல்லுங்கள். மறுபாதி அப்படியே இருக்கட்டும். மருந்து ஊற்றும் சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு பக்கமும் மழை பெய்யச் செய்யுங்கள். வெறும் தாள் சொட்டை உறிஞ்சித் தளர்ந்து போகும்; கிரயான் பக்கத்தில் சொட்டு உருண்டையாக நின்று, தாளைச் சாய்த்தால் உருண்டோடும். மெழுகில் தண்ணீர் ஒட்டாது, நிஜக் குடைத் துணியிலும் தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒரு பூச்சு உண்டு என்று இரண்டு வரியில் சொல்லி நிறுத்திவிடுங்கள். நேரம் இருந்தால் துவைத்த பால் கவரையும் சமையலறைக் கைத்துணியையும் வைத்து இதையே செய்யலாம். எது குடையாகும், எது ஆகாது என்று அவளே தீர்ப்புச் சொல்வாள்.

என் வகுப்புகளில் குழந்தைகளைக் கட்டிப்போட்டது என்றால் மஞ்சள் குடைதான். மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி நன்றாகக் காயவிட்டு, அதில் குடை வடிவம் வெட்டி ஒட்டுங்கள். துணி சோப்புக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, குழந்தையை விரல் நுனியில் தொட்டுக் குடையின் மேல் மழைத்துளி வைக்கச் சொல்லுங்கள். வைத்த இடமெல்லாம் செக்கச் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வினைதான்; சோப்பில் இருக்கும் காரத்தன்மை போதுமானது. சுண்ணாம்பைக் குழந்தையின் விரலில் படவிடாதீர்கள், சோப்பே போதும். பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் சிவப்பு திரும்பவும் மஞ்சளாகும். நான்கு வயதில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பழைய உடுப்பைப் போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.

வீட்டில் இரண்டு, மூன்று வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், 'எனக்கும்' என்று வந்து நிற்பது நிச்சயம். அந்த வயதுக்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம். பழைய வார இதழின் வண்ணப் பக்கங்களைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிப்பதற்கு இந்த வயதில் சொல்லித்தரவே தேவையில்லை. நீங்கள் வரைந்து வைத்த அரைவட்டத்துக்குள் துண்டுகளை ஒட்டினால் அது ஒட்டுப்போட்ட குடை. இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு அச்சு: வட்டமாக வெட்டிய கனமான துண்டை இரண்டாக நறுக்கினால் குடையின் மேல்பாகம் தயார். வண்ணத்தில் தொடுவதற்கு முன் வெட்டிய பரப்பைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் கிழங்கின் நீரில் வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ அச்சு, அதைப் பெரிய குடையின் துணிக்கு வைத்துக்கொள்ளலாம். சமிக்கி, மணி, பாசி இவற்றை இந்த வயதுக்காரர் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். வாய்க்கும் மூக்குக்கும் போகும்.

ஐந்து, ஆறு வயது அண்ணனோ அக்காவோ இருந்தால் விசிறி மடிப்புக் குடை. கோடு போட்ட நோட்டுத் தாள் இரண்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கு ஒரு மடிப்பு என்று முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போக வேண்டும். கோடுகளே வழிகாட்டுவதால் மடிப்பு கோணாது. முதல் மடிப்பு மட்டும் கோட்டின் மேல் சரியாக விழுந்ததா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பின்பற்றும். மடித்த பட்டையை நடுவில் நூலால் கட்டி, இரு பக்கமும் விரித்து ஒட்டினால் ஒவ்வொரு தாளும் அரை வட்டமாகும். இரண்டையும் சேர்த்தால் முழு வட்டம். நடுவை லேசாக அமுக்கினால் மடிப்பு மடிப்பாகக் குடை எழும்பும்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரோடு எருக்கம்பூ மாலையும் காகிதக் குடையும் சேர்த்து வாங்குகிறோம் அல்லவா? அந்தக் குடையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆவணியில் வாங்கியது ஐப்பசி மழைக்கு உதவும். வண்ணக் காகிதம், விளிம்பில் ஜரிகைத் தாள், நடுவில் மூங்கில் குச்சி எனச் சிறு பிள்ளைகளுக்குப் புரியும் அளவில் ஒரு முழுக் குடை அது. அதை மெதுவாகப் பிரித்து, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே போல் ஒன்று செய்யச் சொல்லலாம். கடையில் விற்கும் கைவேலைப் பெட்டிகளைவிட இது நல்ல பாடம் என்பது என் அபிப்பிராயம். கம்பி உடைந்த பழைய குடை வீட்டில் கிடந்தால் அதன் துணியைக் கழற்றி வையுங்கள். முக்கோண முக்கோணமாகத் தைத்திருப்பது தெரியும், பொம்மைக்குக் குடையாகவும் உதவும்.

தோட்டமுள்ள வீட்டில் வாழையிலையும் சேம்பிலையும் எப்போதோ குழந்தைகளின் குடையாகிவிட்டன. சேம்பிலையில் தண்ணீர் முத்தாக உருள்வதைக் காட்ட வேண்டும் என்றால் செடியிலேயே வைத்துக் காட்டுங்கள். காம்பை ஒடித்தால் வடியும் சாறு கையில் பட்டு அரிக்கும்.

ஒரு சின்ன மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளின் பாட அட்டவணை வடக்கே இருந்து வருகிறது; 'மழைக்கால வாரம்' ஜூலையில் வந்துவிடுகிறது. குழந்தைகள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு காகிதக் குடையோடு வரிசையாக நிற்கும்போது, சென்னையிலும் கடலூரிலும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். நமக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகைக் கனமழை என்று சொல்லி வைத்ததும் அதனால்தான். நீலகிரி, கன்னியாகுமரி பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலையிலும் மழை பொருந்தும். மற்றவர்கள் அந்த ஜூலைக் குடையை வெயில் குடை என்றே சொல்லிச் செய்யுங்கள், பொய்யாகாது. உங்கள் பள்ளி மழை பெய்யும்போதே கேட்டிருப்பது நல்ல காலம்.

கடைசியாக, செய்ததைப் பள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது? கொட்டும் மழையில் ஆட்டோவிலோ ஸ்கூட்டரிலோ காகிதக் குடை போய்ச் சேர்வதற்குள் நசுங்கி, நனைந்து, சாயம் வழிந்துவிடும். குழந்தை வாசலிலேயே அழும். அதனால் முந்தின நாளே கூம்பை ஒட்டிவிடாதீர்கள். வண்ணம் தீட்டி, நேர் வெட்டும் போட்ட வட்டத்தைத் தட்டையாக ஒரு பெரிய நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். காய்ந்த தண்டின் இதழ்களைக் குவித்துப் பென்சில் பெட்டியில் வையுங்கள். நீளம் கூடுதலாக இருந்தால் பெட்டிக்கு ஏற்றபடி கீழ்ப்பகுதியை முன்பே குறைத்துச் செய்துகொள்ளுங்கள். கூடவே ஒரு பசைக் குச்சியும் இரண்டு துணி கிளிப்பும். வகுப்பில் இரண்டு பட்டையை ஏற்றி ஒட்டி, தண்டை உள்ளே அழுத்தி, ஐம்பது வரை எண்ண வேண்டியதுதான் பாக்கி. வீட்டிலேயே ஒருமுறை பசையில்லாமல் கிளிப் மட்டும் போட்டு ஒத்திகை பார்த்திருந்தால், ஆசிரியையின் உதவி இல்லாமலேயே அவள் முடித்துவிடுவாள்.